பெரம்பூர் சனிக்கிழமைக் கூட்டம்: மைக் வருவதற்கு முன்னால் ஒரு ஓப்பன் மைக்

இந்த வாரம் ராஜா கதை இல்லை, போர்க் கதையும் இல்லை. எங்க ஏரியா கதை. பெரம்பூர். அக்கம்பக்கத்தில் ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பு, வியாசர்பாடி எல்லாம் வந்து போகும். வட சென்னை என்றாலே சினிமாவில் வருகிற அரிவாள்தான் ஞாபகத்துக்கு வருகிறதென்றால், ஒரு அரை மணி நேரம் அதை ஓரமா வச்சிடுங்க.

கதை ஒரு ஓப்பன் மைக்கில் ஆரம்பிக்கிறது. நானும் மூணு நண்பர்களும் சேர்ந்து, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்க அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் ஓப்பன் மைக் நடத்துகிறோம். ஆளுக்கு 5 நிமிடம். கவிதை, பாட்டு, ஸ்டாண்ட்-அப், எதுவாக இருந்தாலும் சரி. பெரும்பாலும் எங்களை மாதிரி ஐடி ஆட்கள். ஆகவே மேனேஜரைப் பற்றிய ஜோக் கொஞ்சம் அதிகமாகவே வரும். போஸ்டரில் 'நம்ம ஏரியா, நம்ம மைக்' என்று போட்டிருந்தோம். அந்த வரி நான் எழுதியது. அதை இப்போது சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

ஒரு மாதம் ஒரு பெரியவர் வந்தார். பேத்தி கீபோர்டு வாசிக்க வந்தாள், இவர் துணைக்கு. பேர் கொடுத்த ஒருத்தர் வராததால் ஒரு இடம் காலியாக இருந்தது. "தாத்தா, நீங்க ஏதாவது பேசுறீங்களா?" என்று சும்மா கேட்டேன். எழுந்து வந்துவிட்டார். மைக்கை வயிற்றுக்கு நேராகப் பிடித்தார். "மேல பிடிங்க தாத்தா" என்று பின்னாலிருந்து குரல். அவர் சட்டை செய்யவில்லை, மைக்கே தேவைப்படாத குரல். மில்லில் தறிப் பிரிவில் வேலை பார்த்தவராம். மில் சங்கு ஊதினால் கடிகாரத்தைப் பார்க்காமலே இந்த ஊர் எழுந்ததையும், சங்கு நின்ற பிறகு முதல் சில மாதங்கள் தூக்கமே வராமல் போனதையும் சொன்னார். கடைசியாக, போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "சனிக்கிழமைக் கூட்டம் இந்தப் பெரம்பூருக்குப் புதுசு இல்ல தம்பி. சங்கமே அதுலதான் பொறந்துச்சு."

நல்லா கைதட்டினோம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தியமாக, தமிழ்ச் சங்கம் ஏதோ என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போய்த் தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததுதான் இந்த எபிசோட்.

முதலில் மில். பின்னி கம்பெனி நடத்திய இரண்டு மில்கள்: பக்கிங்ஹாம், கர்நாடிக். சேர்த்து பி அண்ட் சி மில். பெரியவர்கள் வாயில் 'பின்னி மில்'. (கர்நாடிக் என்றால் இங்கே கச்சேரி இல்லை, துணி.) 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆரம்பித்த மில்கள் இவை. இங்கே நெய்த காக்கித் துணிக்கு ஒரு தனிப் பேர் உண்டு. முதல் உலகப் போர் வந்தபோது காக்கிக்கு எவ்வளவு தேவை இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். இரண்டு மில்லிலும் சேர்த்து ஏறக்குறைய 10,000 பேர் வேலை பார்த்தார்கள். 1990-களில் மில் மூடப்பட்டது. அதற்குப் பிறகு அந்த இடத்தை நீங்கள் நிறையவே பார்த்திருக்கிறீர்கள், சண்டைக் காட்சிகளில். பாழடைந்த ஃபேக்டரியில் வில்லன் ஆட்கள் இரும்புக் கம்பியோடு ஓடி வருவார்களே, அந்த மாதிரி எத்தனையோ ஷூட்டிங் நடந்தது பின்னி மில்லில்தான்.

இனி 1918-க்குப் போவோம். போர் இன்னும் முடியவில்லை. அரிசி விலை, துணி விலை எல்லாம் ஏறிக்கிடக்கிறது. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. மதியம் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். யோசித்துப் பாருங்க: தறியை விட்டு வெளியே வரணும், கை கழுவணும், சாப்பாடு கொண்டுவந்த ஆளைக் கூட்டத்தில் தேடணும், வெயிலிலோ மழையிலோ ஒரு இடம் பார்த்து உட்காரணும், சாப்பிட்டு முடித்துத் திரும்ப ஓடணும். லேட்டானால் கூலி பிடிப்பார்கள். மேலதிகாரிகளின் திட்டு, சில சமயம் அடி, அது தனி.

இதையெல்லாம் அவர்கள் எங்கே பேசினார்கள்? இதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம். பெரம்பூரில் ஒரு சபா இருந்தது. பேர் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா. சபா என்றதும் மயிலாப்பூர், மார்கழி, கேன்டீன் ரவா தோசை என்று மனசு போகும். இது அது இல்லை. பக்திச் சொற்பொழிவு நடக்கும் உள்ளூர் சபை. நடத்தியவர்கள் செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு என்ற இரண்டு சிறு வியாபாரிகள். மில் தொழிலாளிகள் அவர்கள் கடைக்கும் வருவார்கள், சபைக்கும் வருவார்கள். சொற்பொழிவு முடிந்த பிறகு உடனே வீட்டுக்குப் போகாமல் நின்று பேசுவார்கள். 'இன்னைக்கு இப்படி ஆச்சு', 'எனக்கு இத்தனை பிடிச்சிட்டான்', 'அவனை அடிச்சிட்டாங்க'.

நான் பிழைப்புக்காக லாக் ஃபைல் படிக்கிறவன். ஒரு யூசர் மட்டும் ஒரு எரரைச் சொன்னால், 'உங்க நெட்வொர்க்கைப் பாருங்க' என்று அனுப்பிவிடுவோம். அதே எரர் 200 பேர் லாக்கில் வந்தால்? பிரச்சினை யூசரிடம் இல்லை, சிஸ்டத்தில். மில்லுக்குள் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திட்டு வாங்கினார்கள். அது அவரவர் தலைவிதி மாதிரி இருந்தது. சபை வாசலில் நின்று ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் கேட்டபோது, 'அட, எனக்கும் இதேதான்' என்று ஆனது. பக்தி கேட்க வந்த கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஒருவர் குறையை ஒருவர் கேட்கிற கூட்டமாக மாறியது.

செட்டியாரும் நாயுடுவும் என்ன செய்திருக்கலாம்? 'பகவான் பார்த்துப்பான்' என்று பிரசாதம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவர்கள் அதைச் செய்யவில்லை, யாராவது பெரிய ஆள் உதவுவார்களா என்று தேடி அலைந்தார்கள். அப்படித்தான் அன்னி பெசன்ட்டின் 'நியூ இந்தியா' பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் பி.பி. வாடியாவைப் பார்த்தார்கள். வாடியா பம்பாய்ப் பார்சி, பிரம்மஞான சபைக்காரர். ஹோம் ரூல் இயக்கத்துக்காக 1917-ல் பெசன்ட்டோடு சேர்ந்து ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டவர். மில்லுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

1918 ஏப்ரல் 13 அன்று வாடியா பெரம்பூர் தொழிலாளிகள் முன்னால் பேசினார். ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. மெட்ராஸ் லேபர் யூனியன். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றுப் புத்தகங்களில் வருவது இதுதான். வாடியா தலைவர், செட்டியாரும் நாயுடுவும் செயலாளர்கள். அந்தத் தேதிகளை நான் காலண்டரில் சரிபார்த்தேன். தொழில் புத்தி, விடாது. 13, 27 இரண்டுமே சனிக்கிழமை. தாத்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை சாயங்காலத்தின் காரணம் எளிது: மறுநாள் மில் லீவு.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். மில் தொழிலாளிகளிடம் தமிழில் மேடை போட்டுப் பேசியது பெரம்பூரில்தான் முதல் என்று நான் சொல்ல வரவில்லை. பத்து வருஷம் முன்னாடியே, 1908-ல், தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அதைச் செய்துவிட்டார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் நமக்குத் தெரியும். பெரம்பூரில் புதிதாக நடந்தது கூட்டம் நிலைத்து நின்றது. வாரா வாரம் அதே இடம், அதே ஆட்கள், பேரேட்டில் பெயர், சந்தா.

மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. வாடியாவுக்குத் தமிழில் பேச வராது, ஆங்கிலத்தில் பேசுவார். அதைத் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். அவர்தான் திரு.வி.க.

இந்த இடத்தில் எபிசோடை நிறுத்திவிட்டு வெளியே பாருங்கள் என்று எங்க ஏரியா ஆட்களிடம் சொல்லத் தோன்றுகிறது. திரு.வி.க. நகர் என்று சென்னை மாநகராட்சியில் ஒரு மண்டலமே இருக்கிறது. ஒரு சட்டமன்றத் தொகுதி இருக்கிறது. பஸ் போர்டில் தினமும் அந்தப் பெயரைப் பார்க்கிறோம். இருபத்தெட்டு வருஷமாக எனக்கு அது வெறும் ஸ்டாப்பிங். ஸ்கூலில் 'தமிழ்த்தென்றல்' என்று இரண்டு மார்க் கேள்விக்குப் படித்ததோடு சரி. அவர் ராயப்பேட்டைக்காரர், தமிழ் வாத்தியாராக இருந்தவர். 1917 டிசம்பரில் வேலையை விட்டு 'தேசபக்தன்' பத்திரிகைக்கு ஆசிரியரானார். அதாவது பெரம்பூர் கூட்டத்துக்கு வரும்போது அவர் புது வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது.

அந்தக் காலத்தில் அரசியல் மேடை என்றால் ஆங்கிலம். படித்தவர்கள் படித்தவர்களுக்குப் பேசுவது. தமிழில் பேசுகிறவர் இரண்டாம்தரப் பேச்சாளர். சைவ இலக்கியத்தில் ஊறிய ஒரு தமிழாசிரியர், மில் முடித்து வந்து தரையில் உட்கார்ந்திருக்கும் ஆட்களிடம் நிற்கிறார். ஆங்கில வாக்கியம் ஒன்று முடிகிறது. அதைத் தமிழாக்கணும், அதுவும் கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி, பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டிருக்கும் ஆளுக்குப் புரிகிற மாதிரி. 'யூனியன்' என்பதற்கு, 'கான்ட்ராக்ட்' என்பதற்கு, 'ரைட்' என்பதற்கு அந்த நிமிடமே ஒரு சொல் வேண்டும். நம்ம மேடைத் தமிழ், பிறகு அண்ணா, கலைஞர் என்று எங்கேயோ போன அந்தத் தமிழ், இப்படிப்பட்ட மாலைகளில் கொஞ்சம் பழகியெடுத்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் ஒரு உண்மையையும் சொல்லணும். வாடியா பேசியது 1921-ல் ஆங்கிலப் புத்தகமாகவே வந்துவிட்டது. திரு.வி.க. தன் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதினார், அதில் இந்தக் காலம் வருகிறது. சபை வாசலில் நின்று முதன்முதலில் 'என்னை அடிச்சாங்க' என்று சொன்ன அந்த ஆள் யார்? பேர் இல்லை. மேடை தலைவர்களுடையது, பேச்சுக்கான விஷயம் தொழிலாளிகளுடையது. இதை 'ஓப்பன் மைக்' என்று நான் தலைப்பில் போட்டிருப்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ளணும். மைக் மேடையில் ஓப்பனாக இல்லை. மேடைக்கு முன்னும் பின்னும் நடந்த பேச்சில்தான் அது ஓப்பனாக இருந்தது.

கூட்டம் வளர்ந்தது, மில் நிர்வாகத்தோடு உரசல் வளர்ந்தது. 1920 கடைசியில் கதவடைப்பு. கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வாதம் இதுதான்: தொழிலாளிக்கும் எங்களுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, அதை மீறச் சொல்லித் தூண்டுகிறார்கள், எங்களுக்கு நஷ்டம், வாடியாவும் மற்றவர்களும் அதைக் கட்டணும். நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. அன்றைக்குத் தொழிற்சங்கத்தைக் காப்பாற்ற இந்தியாவில் ஒரு சட்டமும் இல்லை. சேர்ந்து பேசுவதையே சதி என்று காட்ட முடிந்தது. கடைசியில் வாடியா சங்கத்திலிருந்து விலகுவது என்ற நிபந்தனையோடு சமரசம். இந்த வழக்கு ஏற்படுத்திய அதிர்ச்சியில்தான் என்.எம். ஜோஷி 1921-ல் மத்திய சட்டசபையில் தொழிற்சங்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டார். 1926-ல் சட்டம் வந்தது. உங்க ஆபீஸில் யூனியன் இருக்கோ இல்லையோ, வைத்துக்கொள்ளும் உரிமைக்கான ஒரு வேர் பெரம்பூரில் இருக்கிறது.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் வணக்கம் போட்டு முடித்துவிடும். முதல் சங்கம், ஏரியாவுக்குப் பெருமை, நன்றி. நானும் அப்படி முடிக்கத்தான் நினைத்திருந்தேன். டி. வீரராகவன் என்று ஒரு வரலாற்றாசிரியர், பார்வையற்றவர், ஐஐடி மெட்ராஸில் கற்பித்தவர். சென்னைத் தொழிலாளி வர்க்கம் உருவான கதையை ஆராய்ந்து எழுதியவர். அந்தப் புத்தகம் அவர் இறந்த பிறகு 2013-ல் வெளிவந்தது. அதைப் படித்துக்கொண்டே 1921-க்கு வந்தேன். அதற்கு மேல் பெருமைப்படுவது சுலபமாக இல்லை.

1921 கோடையில் கர்நாடிக் மில்லில் ஆரம்பித்த தகராறு, ஜூன் 20 வாக்கில் இரண்டு மில்லுக்கும் பரவியது. சாதி இந்துத் தொழிலாளிகளும் முஸ்லிம் தொழிலாளிகளும் பெரும்பாலும் வேலைநிறுத்தத்தில். ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். அவர்களில் நிறையப் பேர் வீடு புளியந்தோப்புச் சேரியில், மில்லுக்குப் பக்கத்திலேயே.

'கருங்காலி' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. வேலைநிறுத்தத்தை உடைக்கிறவர்களைச் சொல்வது. அந்த வார்த்தையைப் போட்டு இந்தப் பகுதியை இரண்டு வரியில் தாண்டிவிடலாம். தாண்டக் கூடாது. சில மாதங்கள் முன்புதான் ஒரு கதவடைப்பு முடிந்திருந்தது. அதில் எல்லோரும் பட்டினி கிடந்தார்கள். கையில் காசோ, கடன் தர உறவோ, திரும்பிப் போய் உட்கார ஊரில் துண்டு நிலமோ இருந்தவன் இன்னொரு தடவை தாங்குவான். எதுவும் இல்லாதவன்? சங்கத்தின் தலைமையில் அவர்கள் ஆள் யார்? மேடையில் யார் அவர்களுக்காகப் பேசினார்கள்? சங்கம் 'நாம்' என்று சொன்னபோது, அந்த 'நாம்' தறிக்கு முன்னால் சரி. தண்ணீர்க் குடத்துக்கு முன்னால், தெருவுக்குள், சாப்பிட உட்காரும் இடத்தில் அந்த 'நாம்' எங்கே போனது? ஆதிதிராவிடர்களின் தலைவரான எம்.சி. ராஜா, வேலைக்குப் போவது அவர்கள் உரிமை என்று நின்றார்.

ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. பதிலுக்குப் பதில் தாக்குதல்கள். இரண்டு பக்கமும் அடிபட்டது, ஆனால் குடிசைக்குள் இருந்தவர்கள்தான் வீட்டையே இழந்தார்கள். அரசு அவர்களை முகாமில் தங்க வைத்தது. ஆகஸ்ட் 29-ல் போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. ஆட்சியில் இருந்த நீதிக்கட்சித் தலைவர்களில் சிலர், அரசு அதிகாரிகள் ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்ததுதான் கலவரத்துக்குக் காரணம் என்கிற அளவுக்குப் பேசினார்கள். எம்.சி. ராஜா பின்னால் அந்தக் கட்சியிலிருந்து வெளியேறியதற்கு இதுவும் ஒரு காரணம். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. ஜெயித்தது மில் நிர்வாகம் மட்டும்தான்.

மூன்று வருஷம். சபை வாசலில் 'எனக்கும் இதேதான்' என்று சொன்னதிலிருந்து, பக்கத்துத் தெருவில் குடிசை எரிவது வரைக்கும் மூன்றே வருஷம். அதே ஏரியா, அதே ஆட்கள்.

இப்போ இன்னொரு கூட்டத்தைப் பற்றி. அதே புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாட்டு நடக்கும். கானா. கிண்டல் செய்ய சினிமா எடுத்துக்கொண்ட கானா இல்லை, மரண கானா. செத்தவர் பேரை வைத்து, அவர் பார்த்த வேலை, அவர் வாங்கிய கடன், அவர் பிள்ளைகள் எல்லாவற்றையும் இழுத்து, அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார்கள். ஒருத்தர் முடித்தால் இன்னொருத்தர் ஆரம்பிப்பார். போஸ்டர் கிடையாது, முன்பதிவு கிடையாது. யோசித்தால், 5 நிமிட டைமர் வைத்து நாங்கள் நடத்துவதைவிட ஓப்பன் மைக் என்ற பேருக்கு அதுதான் பொருத்தம்.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாக்காரர்களும் ராப்காரர்களும் ராக்காரர்களும் ஒரே மேடையில். அந்தப் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து வந்தது. ராயப்பேட்டையிலிருந்து 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை தொடங்கியவர் அவர். சங்கம் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்பு, 1914-ல் இறந்துவிட்டார். பெரம்பூர் சனிக்கிழமைகளை அவர் பார்த்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று சில சமயம் யோசிப்பேன். கீழ்ப்பாக்கத்துக்கு நான் அன்று போகவில்லை. காலேஜ் ஃபைனல் இயர், யூடியூபில்தான் பார்த்தேன். எங்க வீட்டிலிருந்து அந்த மைதானம் பைக்கில் ரொம்ப தூரமெல்லாம் இல்லை.

சரி, போஸ்டருக்கு வருகிறேன்.

இந்த ரிசர்ச் எல்லாம் செய்துகொண்டிருந்த மாதமே, எங்க ஓப்பன் மைக்குக்குப் புளியந்தோப்பிலிருந்து ஒரு தம்பி பேர் கொடுத்திருந்தான். கானா பாடுவேன்னு இன்ஸ்டாவில் மெசேஜ். எனக்கு ஒரே சந்தோஷம். ஏழாவது ஸ்லாட் கொடுத்தேன். ஏழாவது வந்தது, ஆளைக் காணோம். இரண்டு முறை பேர் கூப்பிட்டேன். "நோ ஷோ" என்று மைக்கிலேயே சொல்லி, ஒரு ஜோக்கும் அடித்து, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து, ரெக்கார்டிங்கை நிறுத்தி, போனை ஃபிளைட் மோடிலிருந்து எடுத்தேன். டொக் டொக்கென்று நோட்டிஃபிகேஷன். எங்க கேட்டில் விசிட்டர் ஆப் இருக்கிறது. வெளியாள் வந்தால் குடியிருக்கிறவர் போனில் 'அப்ரூவ்' அழுத்தணும். அவனும் இரண்டு நண்பர்களும் தோளில் டோலக்கோடு கேட்டில் நின்றிருக்கிறார்கள். நாலு முறை ரெக்வெஸ்ட். முதல் ரெக்வெஸ்டுக்கும் கடைசி ரெக்வெஸ்டுக்கும் நடுவே 25 நிமிடம். அப்புறம் எதுவும் இல்லை.

டெக்னிக்கலா பார்த்தால் யார் மேலயும் தப்பு இல்லை. செக்யூரிட்டி அண்ணன் அவர் வேலையைச் செய்தார். நான் ரெக்கார்டிங்குக்காக ஃபிளைட் மோடில் போட்டிருந்தேன். இப்படியே என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு தூங்கப் போயிருப்பேன். ஆனால் அன்றைக்கு அண்ணா நகரிலிருந்து ஒரு காரில் நாலு பேர் வந்து கவிதை வாசித்தார்கள். அவர்களும் வெளியாட்கள்தான். அவர்களுக்காக என் போனுக்கு ஒரு ரெக்வெஸ்ட்கூட வரவில்லை. மறுநாள் காலையில் செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டேன். "கார்ல வந்தாங்க சார், ஃபங்ஷனுக்குன்னு சொன்னாங்க, விட்டுட்டேன்." தம்பிங்களும் ஃபங்ஷனுக்குன்னுதானே அண்ணா சொல்லியிருப்பாங்க? அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சொன்னாங்க சார்" என்றார். அவர் வீடு வியாசர்பாடியில்.

இதைக் குடியிருப்போர் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். ஓப்பன் மைக் நாளில் கேட்டைத் திறந்து வையுங்கள் என்று கேட்டேன். மூணு பேர் தம்ஸ்-அப். ஒருத்தர் 'பாதுகாப்பு முக்கியம்' என்று எழுதினார். இன்னொருத்தர், 'நம்ம ஏரியா ஆளுங்கதானே வரணும், எதுக்கு வெளியாளுங்க' என்றார். புளியந்தோப்புக்கும் எங்க கேட்டுக்கும் நடுவே ஒரு ஓட்டேரி நல்லாதான் இருக்கிறது. அவரிடம் சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. 'நம்ம ஏரியா' என்று போஸ்டரில் எழுதியவன் நான்தானே.

கீபோர்டு பேத்தியின் தாத்தாவை லிஃப்டில் பார்த்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். 1921 பற்றியும் கேட்டேன். அவர் அப்பாவும் மில்லில்தான் இருந்தாராம், அதைப் பற்றி வீட்டில் பேசினதே இல்லை என்றார். எட்டாவது மாடி வந்தது. இறங்கப் போனவர் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உள்ள எதுக்குப்பா வைக்கிறீங்க? எங்க கூட்டமெல்லாம் கேட்டுக்கு வெளியதான் நடக்கும்."

மில்லில் அதற்கு 'கேட் மீட்டிங்' என்றே பேர்.

அதனால் அடுத்த மாதம் இடம் மாறுகிறது. எங்க அபார்ட்மென்ட் கேட்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை, அதை ஒட்டிக் கொஞ்சம் காலி இடம். டீக்கடை அண்ணன் கரன்ட் தருகிறேன் என்றார், எட்டரைக்கு மேல் சத்தம் வேண்டாம் என்ற கண்டிஷனோடு. பக்கத்தில் போலீஸ் ஸ்டேஷனில் லெட்டர் கொடுத்திருக்கிறோம். கிளப் ஹவுஸில் ஏசி இருந்தது, இங்கே கொசு இருக்கும். எங்க டீமில் ஒருத்தன் இந்த ஐடியாவே பிடிக்காமல் விலகிவிட்டான், சவுண்ட் சிஸ்டம் அவனுடையது. யாரிடமாவது ஒரு பதினைந்து அங்குல ஸ்பீக்கர் சும்மா கிடந்தால் சொல்லுங்கள்.

புளியந்தோப்பு தம்பிக்கு நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, புது இடத்தின் லொக்கேஷனும் அனுப்பினேன். முதல் ஸ்லாட் உனக்குத்தான் என்றேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை. மூன்று நாள் கழித்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. 11 செகண்ட். பின்னால் யாரோ டோலக் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். "அண்ணே, சனிக்கிழமை எங்க தெருவுல ஒரு பெரியவரு காரியம் இருக்கு, நான் பாடணும். முடிஞ்சா நீ இங்க வா."

அடுத்த ஓப்பன் மைக்கும் அதே சனிக்கிழமைதான். ஆறு மணிக்கு டீக்கடைக்கு எதிரே ஆரம்பிக்கிறோம், எட்டரைக்கு முடித்துவிடுவோம். கானா ராத்திரி பத்து மணிக்கு மேல்தானாம்.